பாரின் எடை தெரிந்த ஜிம்

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, மாதக் கட்டணம் எவ்வளவு, ஏசி உண்டா, பெண்களுக்குத் தனி நேரம் இருக்கிறதா என்ற நான்கு கேள்விகளோடுதான் கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த பெரும்பாலோர் ஜிம் தேடுகிறார்கள். நான்கும் நியாயமான கேள்விகளே. ஆனால் உடம்பு மெலிய வேண்டும் என்பதற்காக மட்டுமல்லாமல், தசைக்கும் எலும்புக்கும் வலுவேற்ற வேண்டும் என்று ஒருவர் கிளம்பினால், இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றையும் அவர் கேட்டாக வேண்டும். இன்று இங்கே நான் தூக்கும் எடையை ஆறு மாதம் கழித்துத் தூக்கும் எடையோடு நம்பி ஒப்பிட முடியுமா? முடியும் என்றால் அதுவே அவருக்கு ஏற்ற ஜிம். ஜிம்மைத் தேர்ந்தெடுப்பது ஒரு வேலை, முன்னேற்றத்தைக் குறித்து வைப்பது அதற்குப் பிறகு வரும் வேறொரு வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் தெரிகின்றன.

இப்படி நான் யோசிப்பதற்கு என் தொழிலும் ஒரு காரணம். நூற்பாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். நூலின் பலத்தைச் சோதிக்கும் அறையில் வெப்பநிலை 27 டிகிரி செல்சியசிலும், காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்திலும் நிற்க வேண்டும் என்பது விதி. பருத்தி நூல் ஈரத்தை உறிஞ்சினால் அதன் பலம் கூடும், காய்ந்தால் குறையும். எனவே மழை நாளில் சோதித்த நூலையும் சித்திரை வெயிலில் சோதித்த நூலையும் வெறும் எண்ணை வைத்து ஒப்பிட்டால், நூலில் இல்லாத மாற்றத்தை இருப்பதாகச் சொல்லிவிடுவோம். ஜிம்மில் எழுதி வைக்கும் எண்ணுக்கும் இதுவே பொருந்தும்.

முதலில் பாரை, அதாவது இரு முனைகளிலும் பிளேட் என்னும் எடைத் தட்டுகளை மாட்டித் தூக்கும் நீண்ட இரும்புக் கம்பியைப் பார்க்க வேண்டும். போட்டிகளில் பயன்படுத்தும் ஒலிம்பிக் பார் ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15 கிலோ. ஆண்களுக்கானது 2.2 மீட்டர் நீளம், பெண்களுக்கானது 2.01 மீட்டர். பிளேட் மாட்டும் முனைகள் இரண்டிலும் 50 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. இந்த ஒழுங்கு இருப்பதால்தான் எங்கோ ஓர் ஊரில் தூக்கிய எடைக்கு உலகம் முழுவதும் ஒரே பொருள் கிடைக்கிறது. வேலூர்க்காரரான சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில், ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச்சில் 149, தோள்வரை தூக்கிப் பிறகு தலைக்கு மேல் ஏற்றும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, ஆக மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அந்த 328 என்பது வேலூரிலும் 328தான், கிளாஸ்கோவிலும் 328தான். நம் தெருமுனை ஜிம்களின் நிலைமை அப்படி இல்லை. சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் பார்களில் பலவற்றில் எடை எழுதியே இருக்காது. நான் எடை போட்டுப் பார்த்தவற்றில் 9 கிலோ பாரும் இருந்தது, 17 கிலோ பாரும் இருந்தது. இரண்டும் தள்ளி நின்று பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். இதில் பலர் பாரின் எடையைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இரண்டு பக்கமும் இருபது போட்டால் நாற்பது என்று சொல்லிவிடுவார்கள். திங்கட்கிழமை ஒரு பாரிலும் வியாழக்கிழமை வேறொரு பாரிலும் செய்தால், அந்த நாற்பது ஒரு நாள் 49 கிலோவாகவும் மறுநாள் 57 கிலோவாகவும் இருக்கும். நோட்டில் மட்டும் இரண்டு நாளும் நாற்பது என்றே நிற்கும்.

இதைச் சரிபார்க்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஊருக்குப் போகும்போது பெட்டியை எடை பார்க்கப் பயன்படும் சின்னக் கொக்கித் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பாரின் நடுவில் ஒரு துணிப் பட்டையைச் சுற்றி அந்தக் கொக்கியில் மாட்டித் தூக்கினால் எடை தெரிந்துவிடும். பிளேட்டுகளையும் ஒரு முறை அப்படியே பார்த்துவிடலாம். பத்து கிலோ என்று வார்த்திருக்கும் இரும்பு பிளேட்டு ஒன்பதரையாகவும் இருக்கக்கூடும், பத்தரையாகவும் இருக்கக்கூடும். அந்த வித்தியாசத்துக்காக ஒரு ஜிம்மை ஒதுக்க வேண்டியதில்லை. எந்தப் பார் என் பார் என்று தெரிந்துகொண்டு, அதன் முனையில் ஒரு சிறிய வண்ண நாடாவை ஒட்டிக்கொள்ள அனுமதி கேட்டால் போதும். நான் கேட்டபோது யாரும் மறுக்கவில்லை. நல்ல ஜிம் வைத்திருப்பவர் இதைக் கேட்டதும் முகம் சுளிக்க மாட்டார், தாமே அந்தத் தராசை வாங்கி மற்ற பார்களையும் எடை போடத் தொடங்குவார்.

அடுத்து, அங்கே இருக்கும் மிகச் சிறிய பிளேட் எது என்று பார்க்க வேண்டும். ஜிம் தேடும்போது யாருமே கவனிக்காத இந்த விஷயம் பெண்களையும் புதிதாகத் தொடங்குபவர்களையும் வெகுவாகப் பாதிக்கிறது. இரண்டரை கிலோவுக்குக் கீழே பிளேட் இல்லையென்றால், இரண்டு பக்கமும் மாட்ட வேண்டியிருப்பதால் ஒரு தடவைக்கு ஐந்து கிலோ ஏற்றியாக வேண்டும். தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்டை எழுபது கிலோவில் செய்பவருக்கு ஐந்து கிலோ என்பது ஏழு சதவீத ஏற்றம்; சிரமப்பட்டாவது தாங்கிக்கொள்வார். தலைக்கு மேலே இருபது கிலோ தள்ளும் ஓவர்ஹெட் பிரஸ்ஸில் அதே ஐந்து கிலோ இருபத்தைந்து சதவீதம். எந்த உடம்பும் ஒரே வாரத்தில் கால் பங்கு வலுவைக் கூட்டிக்கொள்வதில்லை. அதனால் பல பெண்கள் ஒரே எடையில் மாதக்கணக்கில் நின்றுபோய், நமக்கு இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். குறை அவர்களிடம் இல்லை, பிளேட் அடுக்கில் இருக்கிறது. ஒன்றேகால் கிலோ பிளேட் ஒரு ஜோடி இருந்தால் ஏற்றம் பாதியாகக் குறையும். அதுவும் இல்லாத இடத்தில் கணுக்காலில் கட்டும் மணல் பட்டையை, அரைக்கிலோ எடையுள்ளதாகப் பார்த்து ஒரு ஜோடி வாங்கி, பாரின் இரு முனைகளிலும் சுற்றிக்கொள்ளலாம். விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும், பையிலும் அடங்கும்.

பாரை ஏற்றி வைக்கும் இரும்புச் சட்டமான ரேக்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்தெழும் ஸ்குவாட் செய்யும்போது எழ முடியாமல் போனால் பாரைத் தாங்கிக்கொள்ளும் பக்கக் கம்பிகள் உள்ள ரேக் ஒன்றாவது இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் தனியாகப் பயிற்சி செய்பவர் தன் உண்மையான வலுவுக்குப் பக்கத்தில்கூடப் போகப் பயப்படுவார், அந்தப் பயமும் சரியானதே. ரேக் இருப்பது மட்டும் போதாது, நாம் போகும் நேரத்தில் அது காலியாகக் கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இங்கே பல ஜிம்களில் காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை பெண்கள் நேரம். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது எட்டாத நேரம் என்பதால், காலை ஆறு மணிக் கூட்டத்திலோ மாலை ஏழு மணிக் கூட்டத்திலோதான் அவள் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. அதனால், சேர்வதற்கு முன்னால் நாம் வரப்போகும் அதே நேரத்தில் போய் ஒரு மணி நேரம் நின்று பார்ப்பது மிகவும் நல்லது. மதியம் இரண்டு மணிக்குப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் அமைதியான, விசாலமான இடமாகத்தான் தெரியும். மாலையில் அதே ரேக்குக்கு நான்கு பேர் காத்திருப்பார்கள். காத்திருக்கும் கண்களுக்காக, செட்டுகளுக்கு (நிறுத்தாமல் தூக்கும் ஒவ்வொரு சுற்றும் ஒரு செட்) இடையே மூன்று நிமிடம் ஓய்வெடுக்க வேண்டியவர் ஒரு நிமிடத்தில் மறுபடி பாரைப் பிடிப்பார். ஓய்வு குறைந்தால் ஒரு செட்டில் தூக்கும் எண்ணிக்கை குறையும். அதை நோட்டில் பார்ப்பவர், தன் பலம் இறங்கிவிட்டது என்று வருந்துவார்.

மெஷின்களில் தெரியும் எண்களை நான் அந்த மெஷினுக்கு வெளியே நம்புவதில்லை. கேபிள் மெஷினில் கப்பிகள் அமைந்திருக்கும் விதத்தைப் பொறுத்து, நாற்பது என்று முள் குத்திய அடுக்கு கையில் இருபதாகத்தான் இழுக்கலாம். சாய்ந்து படுத்து 45 டிகிரியில் தள்ளும் லெக் பிரஸ்ஸில், உராய்வைக் கணக்கில் சேர்க்காவிட்டால், மாட்டிய எடையில் ஏறத்தாழ எழுபது சதவீதம்தான் காலில் இறங்கும். செங்குத்தான தண்டவாளத்தில் மேலும் கீழும் நகரும் ஸ்மித் மெஷினின் பார் சில இடங்களில் எதிர் எடையால் லேசாக்கப்பட்டிருக்கும். மெஷின்கள் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. தசைக்கு வேலை கொடுக்க அவை நன்றாகவே உதவுகின்றன, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அவையே பாதுகாப்பான தொடக்கமாகவும் அமைகின்றன. ஒரு மெஷினின் எண்ணை அதே மெஷினின் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் பாதி விலை என்பார்கள். முதலில் ஒரு மாதத்துக்குக் கட்டி, அந்த மாதம் முழுக்கத் தொடர்ந்து போக முடிகிறதா என்று பார்த்துவிட்டு மேலே யோசிப்பது நல்லது. புரோட்டீன் டப்பா வாங்கச் சொல்லி முதல் வாரமே வற்புறுத்தும் இடத்தில் நான் சேரவே மாட்டேன்.

மாஸ்டரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். புதிதாக ஒரு ஜிம்மைப் பார்க்கப் போகும்போது அங்கிருக்கும் மாஸ்டரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எனக்கு எப்போது எடையைக் கூட்டுவீர்கள்? மூன்று செட்டிலும் பன்னிரண்டு எண்ணிக்கை முறை பிசகாமல் வந்தால் அடுத்த முறை கூட்டலாம் என்றோ, அதைப் போன்ற வேறு தெளிவான விதி ஒன்றையோ சொல்பவர் பயிற்சியை அறிந்தவர். “நோட்டெல்லாம் எதுக்குங்க அக்கா, நான் பார்த்துக்கறேன்” என்று அன்பாகச் சொல்பவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் அறுபது பேரின் எடைகளை மனதில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. அவர் வேறு ஜிம்முக்கு மாறிப் போனால் நம் முன்னேற்றத்தின் வரலாறும் அவரோடு போய்விடும். இன்னொரு பேச்சும் நம் ஜிம்களில் பரவலாக உண்டு. ஒரே பயிற்சியைச் செய்தால் உடம்பு பழகிவிடும், தினமும் மாற்றி மாற்றிச் செய்தால்தான் தசை வளரும் என்பார்கள். ஆர்வம் குறையாமல் இருக்க மாற்றம் உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்குவாட், டெட்லிஃப்ட், படுத்தபடி மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், ஓவர்ஹெட் பிரஸ், இழுக்கும் பயிற்சி ஒன்று என அடிப்படையான சில பயிற்சிகளாவது மாதக்கணக்கில் மாறாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் புதுப் பயிற்சி என்றால் ஒப்பிடுவதற்கு எதுவும் மிஞ்சாது. பயிற்சிக்கு உடம்பு பழகுவதைத்தான் நாம் பலம் என்கிறோம். பழகியதும் எடையைக் கூட்டுகிறோம்.

எடையைப் படிப்படியாகக் கூட்டும் இந்த முறையை மருத்துவ உலகுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டுத் தொடைத் தசை மெலிந்துபோன வீரர்களுக்கு, லேசான எடையைப் பல நூறு தடவை தூக்க வைப்பதற்குப் பதிலாகக் கனமான எடையைக் குறைந்த தடவைகள் தூக்க வைத்து அவர் கண்ட பலனை 1945இல் வெளியிட்டார். அவர் முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அளவீடு சிகிச்சைக்குள்ளேயே இருந்ததுதான். ஒருவர் பத்து முறை மட்டுமே தூக்கக்கூடிய எடை எது என்று வாரம் ஒரு முறை கண்டறிந்து, அடுத்த வாரப் பயிற்சியை அதிலிருந்து வகுத்தார். பின்னர் ஆர்தர் வாட்கின்சுடன் சேர்ந்து 1948இல் அதை மூன்று செட்டாகச் சுருக்கினார். அந்தப் பத்து முறை எடையின் பாதியில் ஒன்று, முக்காலில் ஒன்று, முழு எடையில் ஒன்று. இன்று நம் ஊர் ஜிம்களில் எல்லோரும் மூன்று செட் என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் அந்த மருத்துவமனை வார்டுகளை மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன்.

என் நோட்டு கோடு போட்ட சாதாரண பள்ளி நோட்டுதான். செயலிகள் வரைபடம் போட்டுத் தருகின்றன, வசதியானவையும்கூட. ஆனாலும் வியர்த்த விரலோடு திரையைத் தேய்ப்பதைவிடப் பேனா எனக்கு எளிது. எதில் எழுதினாலும் எழுத வேண்டியவை ஒன்றுதான். தேதி, பயிற்சி, பாரோடு சேர்த்து மொத்த எடை, ஒவ்வொரு செட்டிலும் வந்த எண்ணிக்கை, அந்தச் செட் முடிந்தபோது இன்னும் எத்தனை தூக்கியிருக்கலாம் என்ற மதிப்பீடு. கடைசியாகச் சொன்னதுதான் நோட்டின் உயிர். ஐம்பது கிலோவை எட்டு முறை தூக்கி, இனி ஒன்றுகூட வராது என்ற நிலையில் வைத்ததும், அதே ஐம்பதை எட்டு முறை தூக்கி, இன்னும் மூன்று வரும் என்ற நிலையில் வைத்ததும் வெறும் எண்களில் ஒரே வரிதான். இரண்டாவது வரி மூன்று வாரம் கழித்து வந்திருந்தால், எடை கூடாவிட்டாலும் பலம் கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

எண்ணிக்கையில் சேர்க்கும் முன் அந்தத் தடவை தகுதியானதா என்றும் பார்க்க வேண்டும். பவர்லிஃப்டிங் போட்டியில், இடுப்பு மடியும் இடம் முழங்காலின் மேல்மட்டத்தைவிடக் கீழே போனால்தான் ஸ்குவாட் செல்லும். அவ்வளவு தாழ்வாக உட்கார எல்லோராலும் முடியாது, முடிய வேண்டியதும் இல்லை. தனக்கு உரிய ஆழம் எது என்று தீர்மானித்து, அதை ஒரு தாழ்வான ஸ்டூலை வைத்தாவது நிலைப்படுத்திக்கொண்டால், எடை ஏற ஏற ஆழம் குறையும் பழக்கம் தலையெடுக்காது. எடை கூடி ஆழம் குறைந்தால் அதை முன்னேற்றம் என்று நோட்டில் எழுதக் கூடாது.

ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடையைத் தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஆசை இருக்கும். அதை நேராகச் சோதிக்கத் தேவையில்லை. எப்லி என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் 1985இல் தந்த சூத்திரப்படி, எண்ணிக்கையை முப்பதால் வகுத்து ஒன்றைக் கூட்டி எடையால் பெருக்கினால் மதிப்பீடு கிடைக்கும். ஐம்பது கிலோவை ஐந்து முறை தூக்கினால் ஏறத்தாழ 58 கிலோ. பிரசிக்கி என்ற இன்னொரு பயிற்சியாளரின் சூத்திரப்படி, எடையை முப்பத்தாறால் பெருக்கி, முப்பத்தேழிலிருந்து எண்ணிக்கையைக் கழித்து வருவதால் வகுத்தால், அதே தூக்கலுக்கு 56 கிலோ கிடைக்கும். பத்து எண்ணிக்கையில் இரண்டும் ஒரே விடையைத் தரும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசிவரை அதையே பயன்படுத்த வேண்டும். ஐந்துக்கும் பத்துக்கும் இடைப்பட்ட எண்ணிக்கைகளில் கணக்கிடுவது உத்தமம். இருபது முறை தூக்கியதிலிருந்து உச்சத்தைக் கணிப்பது எனக்கு நம்பிக்கை தருவதில்லை.

முதல் இரண்டு மூன்று மாதங்களில் எண்கள் வேகமாக ஏறும். அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி தசை பருத்ததால் வந்தது அன்று. இருக்கும் தசையை முழுமையாக வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொண்டதால் வந்தது. பிறகு ஏற்றம் மெதுவாகும். பலர் இந்த இடத்தில்தான் ஜிம்மை விட்டு விலகுகிறார்கள் அல்லது வேறு ஜிம் தேடுகிறார்கள். நோட்டு வைத்திருப்பவர் தினசரி எண்ணைப் பார்த்துக் கலங்காமல், சென்ற மூன்று மாதத்தின் சிறந்த வரிகளை அதற்கு முந்தைய மூன்று மாதத்தின் சிறந்த வரிகளோடு வைத்துப் பார்க்கலாம். என் நோட்டில் மே மாதப் பக்கங்கள் எப்போதுமே சற்று இறங்கித்தான் இருக்கும். ஏசி இல்லாத கூடத்தில் மாலை வெப்பம் எண்ணிக்கையில் ஒன்றிரண்டைப் பிடுங்கிக்கொள்ளும். தூக்கம் கெட்ட மறுநாள் டெட்லிஃப்ட் இறங்குவதும், மாதவிலக்கின் முதல் நாள்களில் அதே எடை கூடுதல் கனமாகத் தெரிவதும் என் பக்கங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். தேதிக்குப் பக்கத்தில் ஒரு சிறு புள்ளி வைத்துக்கொண்டால் அவரவருக்கு அவரவர் உடம்பே சொல்லிவிடும்.

பார் சொல்லாத சிலவற்றையும் அந்த நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். இடுப்புச் சுற்றளவை மாதம் ஒரு முறை, காலையில், வெறும் வயிற்றில், தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளக்கிறேன். கொழுப்புச் சதவீதம் காட்டும் மின்தராசு உடம்பில் இருக்கும் நீரைப் பொறுத்து மாறுவதால் அதை நான் எழுதுவதில்லை. இருபது லிட்டர் தண்ணீர் கேனை மாடிக்கு எடுத்துப் போகும்போது எந்தப் படியில் நிற்க வேண்டியிருந்தது என்பதையும் எழுதுகிறேன், இப்போது நிற்பதில்லை. என் அத்தைக்கு எழுபது வயதாகிறது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் அதே நோட்டில் குறிக்கிறேன். ஆசிய நாடுகளின் தசைநலிவு நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவுகோலில், பன்னிரண்டு விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டிய நிலை. வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவேற்றும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது முதியவர்களுக்கும் சேர்த்துத்தான். அத்தை ஜிம்முக்கு வருவதில்லை. வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவான உட்கார்ந்தெழும் பயிற்சியைச் செய்கிறார், அதுவும் எண்ணிக்கையோடு.

வீடு மாறியோ வேலை மாறியோ ஜிம்மை மாற்ற நேர்ந்தால், நோட்டில் ஒரு குறுக்குக் கோடு போட்டு, புதிய இடத்தின் பார் எடையை மேலே எழுதி, பழைய எடைகளைவிடப் பத்து சதவீதம் குறைத்துத் தொடங்குவது என் வழக்கம். புதிய ரேக்கின் உயரம், புதிய பெஞ்சின் அகலம், புதிய தரையின் பிடிப்பு ஆகியவற்றுக்கு உடம்பு பழகச் சில வாரம் ஆகும். அதுவரை கோட்டுக்கு மேலே இருக்கும் எண்களோடு கீழே இருப்பவற்றை ஒப்பிடுவதில்லை.